அம்மா கடைசியாகச் சொன்னது

என் அம்மா செத்த கதையை என்னைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் உள்ளது அதுதான். எங்கே இழுத்துச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்திப் பெருமூச்சு விட வேண்டும், எந்த இடத்தில் கேட்கிறவர்கள் துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே, அதே காலையில் அம்மா என்னிடம் சொன்ன வேறொன்றைத் தொலைத்துவிட்டேன். என் தங்கைக்குப் போய்ச் சேர வேண்டிய பேச்சு அது.

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, இரண்டு செல்போன், சுவரில் சாமி படம். லோடு வைத்திருக்கிறவருக்கு வண்டி பிடித்துக் கொடுக்க வேண்டும், வண்டி வைத்திருக்கிறவருக்கு லோடு பிடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சு, பேச்சு, பேச்சு. ஒரே சங்கதியைப் பத்துப் பேரிடம் பத்து தடவை அலுக்காமல் சொல்லத் தெரிந்தவன்தான் இதில் பிழைப்பான். நான் நன்றாகவே பிழைக்கிறேன்.

வீடு எடப்பாடி போகிற வழியில் ஒரு ஊரில். அம்மா, நான், என் மனைவி மூன்று பேர்தான் இருந்தோம். தங்கையைச் சூரத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு அங்கே ஜவுளி வியாபாரம், அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த ஒரே மகள்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் எழவு விழுந்தால், கருமாதி முடிகிற வரைக்கும் உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வந்ததும் கையைத் தொடுவார்கள். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கி வாயை நனைப்பார்கள். அப்புறம் அவர்களில் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார், "எப்படிங்க ஆச்சு?" கேட்காமல் போனால் மரியாதை இல்லை, சொல்லாமல் விட்டாலும் மரியாதை இல்லை. சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வேன் வந்து நிற்கும். அவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து. ஏற்கெனவே கேட்டவர்களும் எழுந்து போக மாட்டார்கள், கூடவே உட்கார்ந்து "ம்" கொட்டுவார்கள்.

நான் சொன்னது இதுதான்.

"காலைல நல்லாத்தானுங்க எந்திரிச்சுது. வாசல்ல சேரப் போட்டு ஒக்காந்துது. ஊட்டுல அவ சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிட்டா, நாந்தான் காப்பி கொண்டுபோய்க் குடுத்தனுங்க. குடிச்சுப்போட்டு, 'நீ குடிச்சியா சாமி?'ன்னு கேட்டுது. 'குடிக்கறம்மா'ன்னேன். டம்ளரை என்ற கையில குடுத்துது. உள்ள கொண்டுபோய் வெச்சுப்போட்டுத் திரும்பி வாரேன், தலை சாஞ்சு கெடக்குதுங்க. அம்மா, அம்மாங்கறேன், பேச்சு மூச்சில்லை. டம்ளர் சூடுகூட ஆறுலீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் முதல் தடவை சொன்னபோது தானாக வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஒரு லாரி ஓனர். வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிறது என்று போன் வந்தால்கூட "கிரேன் சொல்லு" என்பாரே தவிர முகம் மாறாது. அந்த மீசைக்காரர் "டம்ளர் சூடுகூட" என்றதும் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் பார்த்தேன். பார்த்து வைத்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்குச் சொல்லும்போது அதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினேன். கையை டம்ளர் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, வெறுங்கையைப் பார்த்தபடி சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஓவென்று அழுகை வந்தது. பெத்த தாய் உள்ளே குளிர்பெட்டியில் கிடக்கிறாள், வெளியே நான் இந்த வேலை பார்த்திருக்கிறேன்! பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். வேறு யாராவது கதையைத் தொடங்கினால் அவர் கையமர்த்தி, "நீ சொல்லப்பா, நீ சொன்னாத்தான் வெவரமா இருக்குது" என்பார். எனக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிப் பிரயோசனமில்லை.

டம்ளர் நிஜமாகவே சூடாக இருந்ததா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மா காப்பியை நன்றாக ஆற்றித்தான் குடிப்பாள்.

காப்பிக்கு முன்னால் அம்மா என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பற்றித்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அம்மாவுக்கும் தங்கைக்கும் அந்த வாரம் ஒரு சண்டை. வீட்டுச் சண்டை, ஊரான் காதில் எதற்கு?

சண்டை முடியைப் பற்றி. தங்கை மகளுக்கு முந்தின வருஷம் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மா இங்கிருந்தபடியே எங்கள் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டாள், பிள்ளை பிழைத்து வந்தால் அவள் முடியை இறக்குகிறேன் என்று. பிள்ளை நன்றாகிவிட்டாள். ஆனால் லீவு கிடைக்கவில்லை, பரீட்சை, டிக்கெட் இல்லை என்று முடி காணிக்கை தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் அந்தப் பெண் பார்லருக்குப் போய், பையன்கள் மாதிரி ஒட்ட வெட்டிக்கொண்டு சிரிக்கச் சிரிக்க வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். என் போனில்தான் அம்மா அதைப் பார்த்தாள். உடனே தங்கைக்குப் போடச் சொன்னாள்.

"சாமிக்கு நேந்த முடியக் கொண்டுபோய்க் குப்பைல போட்டுட்டு வந்திருக்கறா, நீயும் பல்லக் காட்டிட்டு நிக்கற!"

தங்கைக்கும் அம்மாவின் வாய்தானே. "எங்க ஊட்டுப் புள்ள, எங்க ஊட்டு முடி. உன்னைய ஆரு வேண்டச் சொன்னது? கெரகம்!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரமே அம்மா போய்விட்டாள்.

செத்த அன்று காலையில் அம்மா தங்கையைப் பற்றிச் சொன்னது என்னிடம் முழுசாக இருந்தது. 'அவள் வந்ததும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்' என்று நான் நினைத்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. மறுநாள் மதியம் தங்கை வந்து இறங்கினாள். பெட்டி மேல் விழுந்து புரண்டு அழுதாள். அப்புறம் என் காலடியில் வந்து உட்கார்ந்து, "எப்படிங்ணா ஆச்சு?" என்று கேட்டாள். சுற்றிலும் கூட்டம். "காலைல நல்லாத்தான் கண்ணு எந்திரிச்சுது" என்று ஆரம்பித்தேன். கூடப் பிறந்தவளுக்கும் அதே கதை. அதே நிறுத்தம், அதே டம்ளர். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று நாள் போயிற்று. அந்த நாளெல்லாம் ஊருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். மாப்பிள்ளையும் மகளும் பள்ளிக்கூடம் இருக்கிறதென்று முன்னாலேயே கிளம்பிவிட்டதால் தங்கை மட்டும் இருந்தாள். நான் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்ணா, அம்மா அன்னைக்கு என்னையப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சுங்ளா?"

"சொல்லுச்சு கண்ணு."

சட்டென்று வந்துவிட்டது பதில். அவள் முகம் அப்படியே நிமிர்ந்தது.

"என்னுங்ணா சொல்லுச்சு?"

வாயைத் திறந்தேன். 'நீ குடிச்சியா சாமி' என்று வந்தது. அதைத் தள்ளிவிட்டு அதற்கு முன்னால் போகப் பார்த்தேன். சேர் தெரிந்தது. அம்மா உட்கார்ந்திருந்தது தெரிந்தது. உடனே காப்பி. மறுபடி பல் விளக்கியதிலிருந்து ஆரம்பித்தேன். வாசலுக்கு வந்தாள், உட்கார்ந்தாள், உடனே காப்பி. நடுவில் பேச்சு இருந்தது என்று தெரிகிறது. அது தங்கையைப் பற்றியது என்று தெரிகிறது. நான் சிரித்தேன் என்பதுகூடத் தெரிகிறது. என்ன பேச்சு என்பது மட்டும் இல்லை. துடைத்துவிட்டாற்போல இல்லை.

"இரு கண்ணு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லோணுமாங்ணா?" என்று கேட்டாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவளே மெதுவாக, "கோவத்தோட போயிருச்சுங்ளா? அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா தன் மேல் கோபத்தோடு செத்தாளா, இல்லையா. அதற்கு விடை வைத்திருந்த ஒரே ஆள் நான். அந்த விடையைத்தான் தொலைத்துவிட்டு நின்றேன்.

அன்று முழுக்கத் தேடினேன். அம்மா உட்கார்ந்த அதே சேரை அதே இடத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மனைவியைக் காப்பி கொண்டுவரச் சொல்லி, நடந்ததை நடந்த மாதிரியே செய்து பார்த்தேன். கிறுக்குப் பிடித்தவன் மாதிரி இருந்திருக்கும். எத்தனை தடவை தொடங்கினாலும் கதை நேராக டம்ளருக்குத்தான் போய் நின்றது. சங்ககிரியில் பைபாஸ் போட்ட பிறகு ஊருக்குள் போகும் ரோட்டில் ஒரு வண்டி திரும்புகிறதா? டிரைவருக்குக் கை தானாகப் பைபாஸ் பக்கம்தான் போகும். என் நாக்கும் அப்படிப் பழகிவிட்டது. சண்டை விஷயம் வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிச் சொன்னேன். தாண்டிய இடம் கடைசியில் இல்லாமலே போய்விட்டது.

மனைவியிடம் போய்க் கேட்டேன், "அன்னைக்கு உன்கிட்ட ஏதாச்சும் சொன்னனா?"

அவள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவ வந்த அன்னைக்கே உள்ள கூப்புட்டு ரண்டு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் கதை சொல்லத் தெரிஞ்சுது, கூடப் பொறந்தவளுக்கு ரண்டு வார்த்தை சொல்லத் தெரியல. நல்லாத்தான் இருக்குது போங்க."

எனக்குக் கோபம் வந்து கத்தினேன். அவள் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன்.

மறுநாள் தங்கையைச் சேலம் ஜங்ஷனில் ரயிலேற்றக் காரில் கூட்டிப் போனேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மகுடஞ்சாவடி தாண்டியதும் அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வதைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"கண்ணு, ஞாபகம் வந்துருச்சு" என்றேன்.

வரவில்லை. பொய். சொல்ல ஆரம்பித்த பிறகுதான் என்ன சொல்வதென்றே யோசித்தேன். "காப்பி குடிக்கறதுக்கு முன்னால சொல்லுச்சு. 'சின்னவ ஏதோ கோவத்துல பேசிட்டா, எனக்கு மனசுல ஒண்ணுமில்லைன்னு சொல்லீரு'ன்னுச்சு."

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இன்று இதை எழுத வேண்டியதில்லை. ஆனால் என் தொழில் புத்தி இருக்கிறதே, நாசமாய்ப் போக! லோடு பார்ட்டியிடம் வெறுமனே "டயர் பஞ்சருங்க" என்றால் நம்ப மாட்டான். "ஓமலூர் தாண்டிப் பஞ்சருங்க, ஸ்டெப்னியும் காத்து இல்லீங்க" என்றால்தான் நம்புவான். பொய்யோடு ஒரு துண்டு விவரம் சேர்த்துக் கட்டினால்தான் அது நிற்கும். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நம்பலாமா வேண்டாமா என்கிற மாதிரி. நான் ஒரு துண்டைச் சேர்த்தேன்.

"'முடிக்கென்ன, வளந்துக்கும். வளந்ததும் கொண்டாந்து குடுத்தாப் போச்சு'ன்னுச்சு."

அவ்வளவுதான். அவள் நம்பிவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். அத்தனை நாளும் அழுத அழுகை வேறு, இது வேறு. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "குடுத்தர்றோமுங்ணா. வளரட்டும். வருசம் திரும்பட்டும். வந்து குடுத்தர்றோம்" என்றாள். ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்திருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். மறந்துவிடுவாள், பிள்ளைகள் வளர்ந்தால் யார் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் நினைத்தேன்.

அவள் மறக்கவில்லை. போன் பேசும்போதெல்லாம் "அம்மா சொன்ன மாதிரி" என்பாள். மாமியார் வீட்டில் சொன்னாளாம், பக்கத்து வீட்டில் சொன்னாளாம். எங்கள் அம்மா கடைசியாக என்ன சொன்னாள் தெரியுமா என்று அவளும் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். கேட்கக் கேட்க எனக்கு வேறொரு பயம் வந்தது. நிஜத்தைத் தேடி அந்தக் காலைக்குள் போகிறபோது, இப்போது காப்பிக்கு முன்னால் ஒரு பேச்சு கேட்டது. "முடிக்கென்ன, வளந்துக்கும்." அம்மாவின் குரலிலேயே கேட்டது. நானே செய்த பொய், என் முன்னாலேயே அம்மாவின் சேரில் உட்கார்ந்துகொண்டது.

வருஷ திதி நெருங்குகிற சமயத்தில் ஒருநாள் ஆபீஸில் இருந்தபோது தங்கை மகள் போன் செய்தாள். அவள் அம்மா போனிலிருந்து, அம்மாவுக்குத் தெரியாமல்.

"மாமா, எனக்கு மொட்டை போடப் போறாங்களாம். நான் ஏழாவது முடிச்சு எட்டாவது வந்துட்டேன் மாமா. க்ளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. வேண்டாம்னு சொன்னா அம்மா அழுகறாங்க. அம்மாயி கேட்டுட்டுச் செத்தாங்கன்னு சொல்றாங்க. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாமே. நெசமா அப்படிச் சொன்னாங்களா?"

மேசையில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் அம்மாகிட்டப் பேசறேன் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

பேசினேன். பேசாமலில்லை. "புள்ள பெருசாயிட்டா, பாவம், உட்டர்லாமே கண்ணு. உண்டியல்ல ஏதாச்சும் போட்டுட்டாப் போச்சு" என்றேன். மறுமுனையில் தங்கை, "அம்மா கடைசியாக் கேட்டதுங்ணா. நீங்களே காதுல கேட்டுப்போட்டு நீங்களே இப்படிச் சொல்றீங்ளே" என்றாள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். 'அம்மா அப்படிச் சொல்லவில்லை, நான் கட்டிய கதை' என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மறுபடி அந்த ஜன்னலோர முகத்துக்குத் திரும்பிவிடுவாளே என்று பயந்தேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. தங்கை முன்னால் பொய்யனாக நிற்பதற்கு எனக்குத் தைரியமில்லை. அதுதான் மீதிப் பாதி.

வருஷம் திரும்பியது. திதி கொடுத்த இரண்டாம் நாள் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். ஜேடர்பாளையத்துப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கிறது எங்கள் குலதெய்வக் கோயில். முடி இறக்கும் இடம் வெளியே, படித்துறைக்குப் பக்கத்தில். பிள்ளையின் முடி கழுத்து வரைக்கும் வளர்ந்திருந்தது. வண்டியில் வரும் வழியெல்லாம் அவள் அந்த முடியையே விரலால் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்குவார்கள். வளர்ந்த பெண்ணை மடியில் வைக்க முடியுமா? நான் படியில் உட்கார்ந்தேன், அவள் கீழ்ப்படியில் என் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார் முடி இறக்குகிறவர். சொம்புத் தண்ணீரை ஊற்றி நன்றாகத் தேய்த்தார். முதல் இழுப்பு உச்சியிலிருந்து நெற்றிக்கு வந்தது. ஈர முடி கொத்தாக என் விரல்களில் வந்து ஒட்டியது. நான் உதறினேன். அது விரலைச் சுற்றிக்கொண்டது.

அப்போது வந்தது.

அம்மா சேரில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி ஒரு சின்ன உருண்டையாக்கி எனக்குக் காட்டினாள். "பாத்தியாடா, வாரிப் போடறதுக்கே இவ்வளவுதான் மிச்சம். தங்கச்சிகிட்டச் சொல்லீரு, அந்தப் புள்ள தலையில ஒருத்தருங் கைவெக்க வேண்டாம். வேண்டுனவ நானு. என்ற தலைய நானே குடுத்துக்கறேன். வெள்ளிக்கெழமை கூட்டிட்டுப் போ."

"இந்த எலிவாலக் குடுத்தாச் சாமி ஒத்துக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்காம? சாமி என்ன சவுரி வெச்சா கட்டப்போவுது?" என்றாள். நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "போட்டோவுல அழகாத்தான் இருக்குது பொடுசு, பையனாட்ட. நாந்தான் சும்மா இருக்காம அவகிட்ட வாயக் குடுத்துட்டேன். அவளும் என்னையாட்டத்தான பேசுவா, பாவம். நாளைக்கு நானே கூப்புடறேன்" என்றாள். அப்புறம்தான் காப்பி கேட்டாள்.

முழுசாக வந்தது. ஒரு சொல் குறையாமல் வந்தது. கத்தி அதற்குள் நெற்றி வரை ஒரு பாதை போட்டுவிட்டிருந்தது. "நிறுத்துங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்தி? பாதி மொட்டைத் தலையோடு பிள்ளையை எழுப்பி என்ன சொல்வது? எதிரில் தங்கை கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் முகம் நிறைந்திருந்தது. அம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்கிற முகம் அது. இப்போது ஞாபகம் வந்துவிட்டது, அம்மா சொன்னது இதற்கு நேர்மாறு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஏற்கெனவே ஒரு தடவை ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னவன்தானே நான். வாயை மூடிக்கொண்டேன். என் கை அந்தப் பிள்ளையின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, அந்தக் கையாலேயே என் வாயில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முடிந்தது. அவள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தாள். அது தன் தலைதானா என்று தெரியாத மாதிரி மறுபடி தடவினாள். கீழே கிடந்த முடியைப் பார்த்தாள். அழாமலிருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. என் பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"மாமா, அம்மாயி நெசமாவே இதத்தான் கேட்டாங்களா?"

"ஆமாஞ் சாமி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, குளிப்பதற்கு ஆற்றில் இறங்கினாள்.